மார்த்தாண்டத்தில் இன்வெர்ட்டர் வாங்கிய கடை: ஓகியை மறக்காதவர்களுக்கு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்ன பேட்டரி கடையில் இன்வெர்ட்டரும் சோலார் பேனலும் வாங்கினேன். ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். நல்ல கடை, தைரியமாகப் போகலாம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்வெர்ட்டர் வாங்கக் கிளம்புகிறவர் மனதில் ஓகி புயல்தான் இருக்கும். 2017 நவம்பர் 30 அன்று அடித்த காற்றில் ஆயிரக்கணக்கில் கரண்டு போஸ்ட் சாய்ந்தது, ரப்பரும் வாழையும் முறிந்து விழுந்தன, வெளி மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஊழியர்கள் வந்து ராப்பகலாக வேலை செய்தும் பல ஊர்களுக்குக் கரண்டு திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் கடலுக்குப் போனவர்களைக் காணாமல் வீடு வீடாக அழுகை, விவரம் கேட்கலாமென்றால் போனும் போகவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது. எங்கள் வீட்டில் இருட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டோம், தண்ணீருக்குத்தான் திண்டாடினோம். கிணறு நிறைய தண்ணீர், மோட்டார் ஓடாது, மேல் தொட்டி காலி. ஜெனரேட்டரை டெம்போவில் ஏற்றிவந்து மணிக்கணக்குக்குக் காசு வாங்கித்தான் தொட்டி நிறைத்தார்கள்.

அதனால் கடைக்காரரிடம் நான் முதலில் கேட்டதே, ஒரு எச்பி மோட்டார் இதில் ஓடுமா என்றுதான். ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரண்டு இழுக்கும், இந்த இன்வெர்ட்டர் தாங்காது என்று நேராகச் சொல்லிவிட்டார். விலை கூடின மாடலை என் தலையில் கட்டியிருக்கலாம். "கிணற்றில் ஒரு கப்பியும் கயிறும் போட்டு வையுங்கண்ணே, அது போதும்" என்றார். நான் பார்த்த வேறு எந்தக் கடையிலும் இப்படிச் சொல்லவில்லை.

150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரியில் இரண்டு ஃபேனும் நாலு எல்இடி பல்பும் ஆறேழு மணி நேரம் ஓடுகிறது. ஓகி மாதிரி ஒன்று வந்தால் இது முதல் ராத்திரிக்குத்தான், மறுநாள் சார்ஜ் ஏற்ற லைனில் கரண்டு இருக்காதே என்று அவர்தான் பேனல் பக்கம் திருப்பினார். ஏற்கெனவே மாடியில் மின்வாரிய லைனோடு சேர்த்து சோலார் போட்டவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். பேட்டரி இல்லாத அந்த வகை, லைனில் கரண்டு போனதும் தானும் நின்றுவிடும், கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

பேனலை ஷீட் கூரையில் வைக்க வேண்டாம் என்று சொல்லி, கான்கிரீட் தளத்தில் துளைபோட்டு ஆங்கர் போல்ட் அடித்தார்கள். வேலை முடிந்ததும் மாட்ட வந்த பையன் ஃபிரேமைப் பிடித்துத் தொங்கியே பார்த்தான், அசையவில்லை. வயரிங்தான் சுமார், சுவரோரமாக வயர் தொங்கியதை நான்தான் கிளிப் அடித்து ஒதுக்கினேன். பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற ஆளனுப்பவும் ரொம்ப இழுத்தடித்தார்கள், போன் பண்ணிப் பண்ணிச் சலித்துப்போச்சு. அப்புறம், வானம் மூடிக் கிடக்கிற நாளில் பேனல் பெரிதாகக் கொடுக்காது, பல்புக்கும் போன் சார்ஜுக்கும் போதும், ஃபேனை நிறுத்திவிட வேண்டும்.

விலை மற்ற கடைகளைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், பேசினால் குறைப்பார். போகும்போது வீட்டில் எத்தனை ஃபேன், எத்தனை பல்பு, ராத்திரி எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று எழுதிக்கொண்டு போங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.