ரேஸ் படம்: ஃபோகஸைக் கேமராவிடம் விடுங்கள், வெளிச்சத்தை விடாதீர்கள்

சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கேமராவோடு முதல்முறை போய் வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான். "ஃபோகஸ் ஏன் எப்போதும் காருக்குப் பின்னால் விழுகிறது?" "வெள்ளைக் கார் ஏன் அழுக்கு நிறத்தில் வருகிறது?" இரண்டுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. ஃபோகஸில் கேமராவை நம்பப் பழக வேண்டும், வெளிச்சத்தில் நம்பாமல் இருக்கப் பழக வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நானும் முதல் இரண்டு சீசன் அப்படித்தான் செய்தேன்.

முதலில் ஃபோகஸ். இங்கே போட்டி இரண்டு முறைகளுக்கு நடுவில். ஒன்று, தார்ச்சாலையில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கே ஃபோகஸ் வைத்து, லென்ஸை மேனுவலுக்கு மாற்றிவிட்டுக் காத்திருப்பது. இன்னொன்று, கேமராவின் தொடர் ஃபோகஸ் காரைத் துரத்தும்படி விடுவது.

காத்திருக்கும் முறை பழசு. சென்னைக்கு அருகே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் பெரும்பாலும் வேறு வழியே கிடையாது. ஆட்டோஃபோகஸைப் பரவலாக்கிய மினோல்டா 7000 வந்ததே 1985-இல்தான். இன்றும் இந்த முறையைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் உண்டு. கூடவே, தொடர்ச்சியாகப் படங்கள் எடுக்கும் பர்ஸ்ட் முறையைக் காட்டி, "பர்ஸ்டை அழுத்திப் பிடி, ஏதாவது ஒன்று மாட்டும்" என்பார்கள். கணக்குப் போட்டால் அது நிற்காது. 180 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நொடிக்கு 50 மீட்டர் நகர்கிறது. முழுச்சட்ட (ஃபுல் ஃப்ரேம்) கேமராவில் 300 மி.மீ. லென்ஸ், அதன் திறப்பான அபெர்ச்சர் எஃப் 4, கார் 30 மீட்டர் தூரத்தில் என்றால் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். எதிரே வரும் கார் அதை நொடியில் இருபதில் ஒரு பங்கில் தாண்டிவிடும். நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே கார் 5 மீட்டர் ஓடியிருக்கும். அந்த இரண்டரை மீட்டருக்குள் ஒரு படம்கூட விழாமல் போகச் சரிபாதி வாய்ப்பு இருக்கிறது.

அதே முறையை மெதுவான வளைவில் வைத்துப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் இரண்டு படங்களுக்கு இடையே 1.7 மீட்டர்தான். ஒரு படமாவது உறுதி. கார் நமக்குக் குறுக்கே போகும் இடத்தில் இன்னும் சுலபம், ஏனென்றால் மிக அருகே வரும் அந்தக் கணத்தில் தூரம் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. வளைவோரத்துச் சிவப்பு வெள்ளைக் கெர்ப் முடியும் முனையில் ஃபோகஸ் வைத்துவிட்டு, முழுக் கவனத்தையும் கேமராவைக் காரோடு சேர்த்துச் சீராகத் திருப்புவதில், அதாவது பேனிங்கில், வைக்கலாம். பக்கவாட்டுப் பேனிங்குக்கு இன்றும் இதையே நான் விரும்பிச் செய்கிறேன்.

நேர் எதிரே வரும் காருக்குத் தொடர் ஃபோகஸ்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும். கார் அடுத்து வரப்போகும் இடத்தை அது முன்கூட்டியே கணிக்கிறது, கணிக்கக் கொஞ்சம் பழைய அசைவு அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். ஃபோகஸ் கட்டத்துக்குள் கார் நுழைந்ததும் படக்கென்று ஷட்டரை அழுத்தினால் தப்பும். ஒரு நொடிக்கு முன்பிருந்தே ஃபோகஸ் பொத்தானை அழுத்திப் பின்தொடருங்கள். அந்த வேலையைப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றிவிட்டால் கட்டைவிரல் துரத்தும், ஆள்காட்டி விரல் எடுக்கும். குறுக்கே கம்பமோ, டிராக் ஊழியரான மார்ஷலோ வந்தால் உடனே தாவாதபடி டிராக்கிங் உணர்திறனைக் குறைத்து வையுங்கள். கம்பிவேலிக்குப் பின்னால் நிற்பவர்கள் லென்ஸை வேலியோடு ஒட்டி வைத்து, அபெர்ச்சரை முழுசாகத் திறந்து, லென்ஸில் உள்ள தூர வரம்புச் சுவிட்சையும் போட்டுவிட்டால் ஃபோகஸ் வேலியில் போய் ஒட்டுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

வாகனத்தை அடையாளம் காணும் வசதி இப்போது நிறையக் கேமராக்களில் இருக்கிறது. 2019-இல் ஒலிம்பஸ் இ-எம்1எக்ஸ், 2021-இல் கேனன் ஆர்3. ஆர்3 ஓட்டுநரின் ஹெல்மெட்டையே தேடிப் பிடிக்கும். தனியாக வரும் பைக்குக்கு இது அருமை. ரேஸ் தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் கும்பலாக வரும்போது மட்டும் நாம் நினைக்காத வண்டிக்குத் தாவிவிடும். அப்போது சின்னக் கட்டத்துக்கு மாறிவிடுங்கள்.

மத்தியான வெயிலில் இந்த இரண்டு முறையுமே தோற்கும் இடம் ஒன்று உண்டு. தார் கொதித்துக் காற்று அலையும்போது, தொலைவில் உள்ள கார் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல நெளியும். பெரிய லென்ஸ் வாங்கினாலும் அது தீராது. கிட்டே போக வேண்டும், அல்லது காலை ஓட்டங்களில் எடுக்க வேண்டும்.

இனி வெளிச்சம். ஷட்டர் பிரியாரிட்டி (ஷட்டர் வேகம் நம் கையில், அபெர்ச்சர் கேமராவின் கையில்), மேனுவலோடு ஆட்டோ ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவை மட்டும் கேமரா மாற்றும்), முழு மேனுவல் (மூன்றும் நம் கையில்) என்று மூன்று வழிகள். வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட நடுச்சாம்பலாக்கத்தான் முயலும். சட்டம் நிறைய வெள்ளைக் கார் என்றால் இருட்டாக்கும், கறுப்புக் கார் என்றால் வெளுக்க வைக்கும். ஷட்டர் பிரியாரிட்டியில் இந்தக் குழப்பத்தோடு அபெர்ச்சரும் நம் கையை விட்டுப் போகிறது. பழகும்வரை பரவாயில்லை, அதற்கு மேல் அதில் தங்க வேண்டாம்.

ஆட்டோ ஐஎஸ்ஓ மேகம் வந்து வந்து போகும் நாளுக்கு நல்லது. ஆனால் பேனிங்கில் பின்னணி ஓடிக்கொண்டே இருக்கும்: மர நிழல், அடுத்து வெள்ளை விளம்பரப் பலகை, அடுத்து வானம். ஒரே பர்ஸ்டில் முதல் படம் ஒரு நிறம், ஐந்தாவது படம் வேறு நிறம். கார் மாறவில்லை, அதன்மேல் விழும் வெயிலும் மாறவில்லை. மாறாத வெயிலுக்கு மாறாத அளவு போதும் என்பதுதான் முழு மேனுவலின் நியாயம்.

நான் செய்வது இது. காரின்மேல் விழும் அதே வெயிலில் உள்ளங்கையை நீட்டி, அதைச் சட்டம் நிறையப் பார்த்து அளக்கிறேன். உள்ளங்கை நடுச்சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, வெளுப்பு, அதனால் அளந்ததற்கு மேல் ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்கிறேன். தெளிந்த வெயிலில் அது ஐஎஸ்ஓ 200, எஃப் 8, ஷட்டர் 1/800 நொடி அருகே வந்து நிற்கும். பிறகு ஒரு வெள்ளைக் காரை எடுத்துப் பார்த்து, வெளுத்துவிட்டது என்ற எச்சரிக்கை திரையில் பானெட்டின்மேல் மினுக்கினால் கொஞ்சம் குறைக்கிறேன். கேமராவின் ரா (RAW) கோப்பாக எடுத்தால் சற்று இருண்ட படத்தை மீட்கலாம். வெளுத்துப்போன பானெட்டை மீட்க முடியாது.

ஷட்டர் வேகமும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. 1/1000-இல் அந்த 180 கிலோமீட்டர் காரின் சக்கரம் சுமார் 10 டிகிரிதான் சுழலும். பக்கவாட்டில் எடுத்தால் டிராக்கில் நிறுத்தி வைத்த கார் மாதிரி இருக்கும். 1/125-இல் 75 டிகிரிக்கு மேல் சுழலும். ஆரக்கால்கள் கரைந்து, பின்னணி கோடுகளாக ஓடி, வேகம் படத்துக்குள் வந்துவிடும். தேறும் படங்கள் பத்தில் இரண்டு மூன்றுதான். இருந்தாலும் பக்கவாட்டுக்கு எனக்கு 1/125-தான். எதிரே சாய்ந்து வரும் பைக்குக்கு 1/1000. நடுமத்தியானத்தில் 1/125 வைத்தால் ஐஎஸ்ஓ 100-லேயே எஃப் 16-க்குப் போக வேண்டியிருக்கும். சென்சாரில் உள்ள தூசியெல்லாம் வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெளிச்சத்தைக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்ததுபோன்ற இரவு ரேஸில் நிலைமை வேறு. ஹெட்லைட் மீட்டரைக் குழப்பும் என்பதால் அங்கேயும் மேனுவல்தான். கூடவே, நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். படத்துக்குப் படம் வெளிச்சம் ஏறி இறங்கினால் மினுக்கல் தடுப்பை இயக்குங்கள், அல்லது 1/100-க்கு இறங்கிப் பேனிங் செய்யுங்கள்.

வளைவு மாறும்போதெல்லாம் உள்ளங்கை அளவை மறுபடி எடுங்கள். வார்ம்-அப் லேப்பில் வண்டிகள் மெதுவாக வரும்போதே ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். ஹெல்மெட்டின் கண்ணாடி விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, பானெட்டில் ஸ்டிக்கர் எழுத்து படிக்க வருகிறதா என்று பார்த்துச் சரிசெய்ய அந்த ஒரு சுற்று போதும்.