1879ஆம் ஆண்டுப் பட்டையுடன் கூடிய தென்னாப்பிரிக்கப் பதக்கத்தின் நகல்: ஒரு மதிப்பீடு

1877 முதல் 1879 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போர்களில் பங்கெடுத்த படையினருக்காக பிரிட்டிஷ் அரசு 1880இல் ஏற்படுத்திய வெள்ளிப் பதக்கத்தின் நகல் ஒன்றை, விளிம்பில் பெயர் பொறித்துத் தரும் சேவையுடன் சேர்த்து வாங்கினேன். செய்தவர்கள் நகல் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்கும் ஒரு சிறிய பட்டறையினர். பிரிட்டிஷார் சூலு நாட்டின்மீது தொடுத்த சூலுப் போரில், 1879 ஜனவரி 22 அன்று இசாண்ட்ல்வானாவில் மாண்ட 24ஆம் காலாட்படைப் பிரிவின் சிப்பாய் ஒருவருடைய குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய பதக்கம் எப்படி இருந்திருக்குமோ, அப்படியே வேண்டும் என்று கேட்டிருந்தேன். மாணவர்களின் கையில் கொடுத்து வரலாறு பேச அது எனக்குத் தேவைப்பட்டது.

அன்று பிரிட்டிஷ் தரப்பில் 1,300க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்; அவர்களில் நூற்றுக்கணக்கானோர், பக்கத்திலிருந்த பிரிட்டிஷ் குடியேற்றமான நேட்டாலின் ஆப்பிரிக்கப் படையினர். உடல்கள் பல மாதங்கள் வெட்டவெளியிலேயே கிடந்து, பிறகு கூட்டங்கூட்டமாகப் புதைக்கப்பட்டன. இன்று அங்கே காணப்படும் வெள்ளையடித்த கற்குவியல்களில் எதற்குக் கீழே யார் இருக்கிறார் என்று சொல்ல முடியாது. படைப்பிரிவின் கொடியைக் காப்பாற்ற முயன்று இறந்த மெல்வில், காக்ஹில் என்னும் இரு அதிகாரிகளுக்குத் தனிக் கல்லறை உண்டு. 1907இல் அவர்களுக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸும் வழங்கப்பட்டது. சாதாரணச் சிப்பாய்க்கோ, படைப் பதிவேட்டுக்கு வெளியே அவன் பெயர் தனித்து நின்ற இடம் பெரும்பாலும் இந்தப் பதக்கத்தின் விளிம்புதான். ஆகவே இந்த நகலை நான் முதலில் விளிம்பை வைத்தே மதிப்பிடுகிறேன்.

அசலில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை அந்த வரிசையில் விளிம்பைச் சுற்றி வரும். 24ஆம் பிரிவினர் பலருடைய எண்ணுக்கு முன்னால் 25பி என்னும் குறி இருக்கும். வேல்ஸ் நாட்டின் பிரெக்கனில் இருந்த 25ஆம் பிரிகேடு தலைமையகத்தை அது சுட்டுகிறது. பட்டறையினர் இந்தக் குறியைத் தாமாகவே கேட்டுச் சேர்த்தார்கள். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்கப் பதிவேடுகள் எந்த வடிவில் பெயர்களைத் தருகின்றனவோ, அதையொட்டி எழுதித் தந்த வாசகத்தில் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் பொறித்திருக்கிறார்கள். குறை எழுத்தின் ஆழத்தில் இருக்கிறது. லேசர் கொண்டு பொறித்ததால் கோடுகள் மெலிந்து, எல்லாம் ஒரே கனமாக, உலோகத்தின் மேல்தோலில் மட்டும் நிற்கின்றன. விரலால் வருடினால் எழுத்து தட்டுப்படுவதில்லை. நாள்பட்ட புழக்கத்தில் முதலில் அழியப்போவது பெயர்தான் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பெயருக்குப் பின், பதக்கத்தை நாடாவோடு இணைக்கும் தொங்கலுக்கு அருகில், இது நகல் என்று காட்டும் சிறு முத்திரை குத்தப்பட்டிருக்கிறது. அழகைக் கெடுக்கிறது என்று சிலர் இதைக் குறை கூறுவதுண்டு. நான் அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். இசாண்ட்ல்வானாவில் இறந்தவரின் பதக்கம், அதே போரில் உயிர் பிழைத்தவரின் பதக்கத்தைவிடப் பல மடங்கு விலை போகிறது. எனவே வேறொருவர் பெயரை விளிம்பிலிருந்து சுரண்டிவிட்டு, மாண்டவர் பெயரைப் புதிதாகப் பொறித்து விற்கும் மோசடி நீண்ட காலமாகவே நடக்கிறது. சுரண்டிய பதக்கத்தின் விட்டம் 36 மில்லிமீட்டரிலிருந்து சற்றே குறைந்திருக்கும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் அளவுகோலோடுதான் கடைக்குப் போவார்கள். முத்திரையில்லாமல் பெயர் மட்டும் பொறித்துத் தரச் சம்மதிக்கும் பட்டறையிடம் யாரும் எதையும் வாங்கக் கூடாது.

முகப்பில் வில்லியம் வயன் செதுக்கிய விக்டோரியா அரசியின் தலை இருக்கிறது. இசாண்ட்ல்வானாச் சண்டை நடந்தபோது அரசிக்கு வயது 59. பதக்கத்தில் இருப்பதோ இளமை முகம். நகலில் இந்தப் பக்கம் நன்றாகவே வந்திருக்கிறது. பின்புறத்தை வில்லியம் வயனின் மகன் லெனார்ட் சார்லஸ் வயன் வடிவமைத்தார். புரோட்டியா என்னும் தென்னாப்பிரிக்கப் பூச்செடியின் புதருக்கு முன்னே ஒரு சிங்கம் தலை தாழ்த்திக் குனிந்திருக்கிறது. அது தண்ணீர் குடிக்கிறதா, பணிகிறதா என்று இருவிதமாகவும் பார்க்க இடமுண்டு. கோசா மக்களுக்கு எதிரான முந்தைய போர்களுக்கான பதக்கத்திலும் இதே சிங்கம்தான். அதன் அடியில் 1853 என்ற ஆண்டு இருந்தது. இந்தப் பதக்கத்தில் அவ்விடத்தில் ஒரு சூலுக் கேடயமும் குறுக்காக வைத்த நான்கு ஈட்டிகளும் வந்தன. உருப்பெருக்கியில் பார்த்தால் நகலின் பலவீனம் இங்கேதான் தெரிகிறது. அச்சில் அடிக்காமல் வார்த்து எடுத்ததால் சிங்கத்தின் பிடரிமயிர் மழுங்கி ஒரே திரளாகியிருக்கிறது. கேடயத்தின் ஓரத்தில் ஊசிமுனை அளவு குழிகள் தெரிகின்றன. ஈட்டிகளில் ஒன்றின் முனை கேடயத்தோடு கலந்துவிட்டது. மேலே பூசியிருப்பது வெள்ளி முலாம் என்பதால் அசலின் கனமும் இல்லை.

சுருள் வடிவத் தொங்கல் அசலைப் போலவே தடையின்றிச் சுழல்கிறது. நாடாவின் மேல் குறுக்காகப் பொருத்தப்படும், போரிட்ட ஆண்டைக் காட்டும் 1879 என்ற பட்டை சரியான அளவில் இருக்கிறது; நேட்டால் எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டவர்களுக்கு இந்தப் பட்டை கிடையாது என்பதையும் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும். நாடாவின் கருநீலக் கோடுகள் சரி, ஆனால் ஆரஞ்சு நிறம் கண்ணைப் பறிக்கும் அளவுக்குப் பளிச்சென்று இருக்கிறது.

பெட்டிக்குள் வைத்திருக்கும் விளக்கத் தாளைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சிப்பாய்களின் வீரத்தைப் பக்கம் நிறையப் பேசும் அந்தத் தாள், போர் எப்படித் தொடங்கியது என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. 1878 டிசம்பர் 11 அன்று தென்னாப்பிரிக்காவுக்கான பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் பார்ட்டில் ஃப்ரியர், லண்டன் அரசின் ஒப்புதல் இல்லாமலேயே, சூலுப் படையமைப்பைக் கலைத்துவிட வேண்டும் என்பது உள்ளிட்ட, மன்னர் செட்ஷ்வாயோவால் ஏற்கவே முடியாத நிபந்தனைகளை விதித்தார். ஒரு மாதத்தில் படை எல்லையைக் கடந்தது. தம் நாட்டுக்குள் நுழைந்தவர்களை எதிர்த்துப் போரிட்டு அன்று மாண்ட சூலு வீரர்களும் ஆயிரத்துக்குக் குறையார். அவர்களிடையே வீரத்துக்கு அடையாளமாக அணியப்பட்டது, ஒன்றோடொன்று பிணைந்த மரமணிகளாலான இசிகு என்னும் கழுத்துமாலை. அதே மாலையின் வடிவத்தை வெண்கலத்தில் வார்த்து, 1999இல் இசாண்ட்ல்வானாவில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். மாண்டவனின் பெயரை விற்கும் ஒரு பட்டறை இதற்கு இரண்டு பத்தி ஒதுக்கியிருக்கலாம். நான் அந்தத் தாளை எடுத்துவிட்டு, நானே எழுதிய ஒன்றைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

வகுப்பறையிலோ குடும்ப நினைவுச் சட்டகத்திலோ வைப்பதற்கு இந்த நகலைத் தாராளமாக வாங்கலாம். வடிவமைப்பின் நுணுக்கத்தை ரசிக்க விரும்புபவர்களுக்கு இது போதாது. வாங்குவதானால், பெயரைக் கையால் ஆழமாகப் பொறிக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணாகாது. நாடாவை மட்டும் பதக்க நாடா விற்பவர்களிடம் தனியாக வாங்கி மாற்றிக்கொள்வது நல்லது. 32 மில்லிமீட்டர் அகலம் என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.