லிங்க் ராடு: கம்பெனியா, கடைப் பிராண்டா, கிரீஸ் நிப்பிளா?

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது முன்பக்க இடது சக்கரத்தில் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். வேகத்தடையில் நேராக ஏறி இறங்கினால் அவ்வளவாக இல்லை. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் தட்டுகிறது. ஒரு பட்டறையில் ஷாக் அப்சார்பரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். சத்தம் அப்படியே இருந்தது.

பிறகுதான் யோசித்தேன். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது ஸ்டெபிலைசர் பார் (வளைவில் வண்டி சாயாமல் இருக்க இரு பக்கத்தையும் இணைக்கும் இரும்புக் கம்பி) தன் புஷ்ஷுக்குள், அதாவது அதைப் பிடித்திருக்கும் ரப்பருக்குள், சும்மா சுழன்று கொடுக்கும். ஒரு பக்கம் மட்டும் ஏறினால்தான் முறுகும். அந்த விசை போகும் வழிதான் லிங்க் ராடு, பாரின் நுனியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு கம்பி. அதன் இரு முனையிலும் பால் ஜாயின்ட் (கிண்ணத்துக்குள் உருண்டை திரும்பும் மூட்டு) உண்டு, தேய்ந்தால் அதுதான் தட்டும். புஷ் போனால் சத்தம் வேறு மாதிரி: குளிர்ந்த காலையில் 'கிரீச்' என்று முனகி, வண்டி ஓட ஓடக் குறையும். (பழைய மாருதி 800 வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். அதில் பார் நேராகச் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மில் மாட்டியிருக்கும், தனி லிங்க் கிடையாது.)

மாற்றுவது என்று முடிவானதும் மூன்று வழி. கம்பெனி லிங்க், உதிரிபாகக் கடையில் கிடைக்கும் பெயர் பெற்ற பிராண்டு, கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் சிறு வாய்) வைத்த கனமான லிங்க். நான்காவதாகப் பெயரே இல்லாத மலிவு ஜோடி ஒன்றும் உண்டு. ஆசைப்பட்டு ஒருமுறை போட்டேன். ஒரே மழைக்காலத்தில், ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மலையில் லிங்க்கின் ஆயுசைத் தீர்மானிப்பது இந்த பூட்தான். இரும்பு அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. பூட்டில் மயிரிழை வெடிப்பு விட்டால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும், கிரீஸ் வெளியேறும், மணல் உருண்டையை அரைத்துவிடும். அதனால் எந்த லிங்க் வாங்கினாலும் முதலில் பூட்டைப் பாருங்கள். மேலும் கீழும் வளையம் இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும். ஸ்டட்டை, அதாவது ஜாயின்ட்டிலிருந்து நீளும் மரையாணியை, விரலால் ஆட்டினால் பிடிவாதமாக, மெதுவாகத் திரும்ப வேண்டும். தேய்ந்த லிங்க்கில் அது தலை தொங்கிய கோழி மாதிரி தானாகச் சாயும்.

கம்பெனி லிங்க்கில் கவலை கிடையாது, நீளம் அச்சாகப் பொருந்தும். ஆனால் பத்து வருட வண்டிக்கு அந்த விலை எனக்கு உறுத்தியது. கடைப் பிராண்டிலும் அதே மாதிரி சீல் செய்த, பிறகு கிரீஸ் அடிக்க முடியாத ஜாயின்ட்தான். பழைய லிங்க்கைக் கையோடு கொண்டுபோய் நீளத்தையும் ஸ்டட் தடிமனையும் ஒப்பிட்டு வாங்கினால் போதும்.

நிப்பிள் உள்ளதுதான் மலைக்குச் சரி என்று எங்கள் மெக்கானிக் அண்ணன் அடித்துச் சொல்வார். அவர் பக்கம் நியாயம் உண்டு: புது கிரீஸ் உள்ளே போகும்போது பழைய அழுக்கும் நீரும் வெளியே வரும். ஆனால் அதை யார் மறக்காமல் செய்வது? கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது, அக்டோபருக்கு முன் ஒருமுறை, ஓய்ந்ததும் ஒருமுறை அடிக்க வேண்டும். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குத் தென்மேற்கு மழை, ஜூனுக்கு முன்பே வேலை. கிரீஸ் கன்னை ஆவேசமாக அழுத்தினால் பூட் பலூன் போல் உப்பிக் கிழியும். எஸ்டேட் ஜீப்பை வாரம்தோறும் கழுவி கிரீஸ் அடிப்பவருக்கு இது தங்கம். எனக்கு ஒத்துவராது. கடைப் பிராண்டையே ஜோடியாக வாங்கினேன். ஒன்று தேய்ந்தால் மற்றதும் அதே சாலையில்தானே ஓடியிருக்கிறது.

மாட்டுவதை நீங்களே செய்யலாம், ஆனால் இடம் முக்கியம். நம்மூரில் சமதளம் கிடைப்பதே அரிது, சரிவில் ஜாக்கி போடாதீர்கள். பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்பக்கம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பார் முறுகி நிற்கும், ஸ்டட் ஓட்டைக்கு நேராக வராமல் உயிரை வாங்கும். துருப்பிடித்த நட்டுக்கு முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். நட்டைத் திருப்பும்போது ஸ்டட்டும் கூடவே சுற்றும். அதன் நுனியில் அறுகோணக் குழி இருந்தால் ஆலன் கீயை விட்டுப் பிடித்துக்கொண்டு, ஸ்பானரால் நட்டை மட்டும் திருப்ப வேண்டும். குழி மழுங்கிவிட்டால் கிரைண்டர்தான், அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுவதே மேல். எனக்கு வலது பக்கம் இருபது நிமிடம், இடது பக்கம் ஒரு மதியம். பழைய நட்டைத் திரும்பப் போடாமல் லிங்க்கோடு வரும் புது நட்டையே மாட்டி, கையேட்டில் உள்ள டார்க் (முடுக்கும் விசை) அளவுக்கு முடுக்கினேன்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்கச் சொல்வார்கள். லிங்க் மாற்றியதற்காக அது தேவையில்லை, சக்கரத்தின் கோணத்தை லிங்க் தொடுவதே இல்லை. அந்தக் காசை ஸ்டெபிலைசர் புஷ்ஷுக்கு ஒதுக்கினேன்.