‘அன்லிமிடெட் மோடம்’ வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா (நம் வாயில் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான்), அதைச் சுற்றியுள்ள தோட்டங்கள், தாமான்கள் எல்லாவற்றிலும் இருப்பவர்கள் கவனியுங்கள். ‘மாதம் 35 வெள்ளி, அளவே இல்லாத இன்டர்நெட், வீடு முழுக்க வைஃபை’ என்று சொல்லி, சிம் போட்டு வைஃபை தரும் ஒரு மோடம் விற்கிறார்கள். டவுனில் ஒரு கணினிக் கடையில் அதை எங்கள் தலையிலும் கட்டினார்கள். புகார் விசாரணைக்குப் போயிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை.

மகள் கல்லூரியில் சேர்ந்ததால் புது மடிக்கணினி வாங்கப் போனோம். மடிக்கணினியில் குறை இல்லை, விலையும் நியாயம்தான். ஆனால் விண்டோஸ் 11 முதல்முறை திறக்கும்போதே இன்டர்நெட் கேட்கிறது. வீட்டில் அதுவரை கைப்பேசி டேட்டாதான். இதைச் சொன்னதும் கடைத் தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. “அண்ணே, உங்க தாமான்ல ஃபைபர் கேபிள் இணைப்புக்கு போர்ட் எல்லாம் ஃபுல். காத்திருந்தா ஒரு வருஷம் ஆகும். நம்மகிட்ட மோடம் இருக்கு, நானே வந்து செட் பண்ணித் தர்றேன்.”

வந்தார். மோடத்துக்கு 280 வெள்ளி, பொருத்திக் கொடுக்க 60, மடிக்கணினி வைஃபை பிடிக்க யூ.எஸ்.பி.யில் செருகும் ஒரு சின்னத் துண்டுக்கு 59. மொத்தம் 399 வெள்ளி. ரசீதில் எழுதியது ‘அக்சஸரீஸ்’ என்ற ஒரே சொல். கீழே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ஒரு முத்திரை. மாதக் கட்டணம் 35 வெள்ளியைத் தொலைபேசி நிறுவனத்துக்கு இல்லை, கடைக்கே கட்ட வேண்டும் என்றார். அந்த யூ.எஸ்.பி. துண்டைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இப்போது விற்கிற மடிக்கணினிகளில் வைஃபை உள்ளேயே இருக்கிறது. தனியாக எதுவும் செருக வேண்டியதில்லை. 59 வெள்ளிக்கு அது பளபளவென்று நீல விளக்கு எரிந்ததுதான் மிச்சம்.

முதல் சில வாரம் எல்லாம் நன்றாகவே ஓடியது. மகள் வகுப்பு பார்த்தாள், பாட்டி தொடர் பார்த்தார். அப்புறம் சாயங்காலம் ஆனால் ஆமை வேகம். பிறகு ஒருநாள் அடியோடு நின்றது. சிம் எந்த நிறுவனத்துடையதோ அங்கே போன் போட்டேன். பதிவு செய்தவரின் பெயரும் மைகார்ட் (அடையாள அட்டை) எண்ணும் கேட்டார்கள். என்னுடையதைச் சொன்னால் பொருந்தவில்லை. அந்த சிம் யாரோ முகம் தெரியாத ஒருவர் பெயரில் இருந்தது! உரிமையாளர் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது என்று மரியாதையாக வைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

கடைக்குப் போனால் பதில் தயாராக இருந்தது. “அண்ணே, அவங்க சிஸ்டம் அப்டேட் பண்ணிட்டாங்க. மோடத்தை மறுபடி அன்லாக் பண்ணணும். 80 வெள்ளி.”

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. சட்டப்படி வாங்கிய மோடத்தை எதற்கு மறுபடி மறுபடி அன்லாக் பண்ண வேண்டும்? ஷா ஆலமில் இந்தத் துறையிலேயே வேலை செய்யும் அக்கா மகனை வரச் சொன்னேன். அவன் மோடத்தைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த ஐ.எம்.இ.ஐ. எண்ணை (சிம் போடும் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) படம் எடுத்துக்கொண்டான். பிறகு மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அதில் காட்டும் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பக்கத்தில் வைத்தான். 15 இலக்கம், இரண்டும் வேறு வேறு. “மாமா, இது மோடம் இல்லை, கைப்பேசி வேஷம் போட்ட மோடம்” என்றான்.

விஷயம் இதுதான். ‘அன்லிமிடெட்’ என்று விளம்பரம் வரும் பல ப்ரீபெய்ட் திட்டங்கள் கைப்பேசிக்கு மட்டுமே அளவில்லாதவை. ஹாட்ஸ்பாட் போட்டுக் கணினிக்குக் கொடுத்தால் அதற்குச் சில ஜி.பி. மட்டுமே என்று கட்டுப்பாடு உண்டு. சிம் எந்தக் கருவியில் இருக்கிறது என்பதை ஐ.எம்.இ.ஐ. எண் காட்டிக் கொடுக்கும். அதனால் மோடத்துக்கு ஏதோ ஒரு கைப்பேசியின் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. இணையத்தில் போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் டி.டி.எல். என்று ஓர் எண் இருக்கும். கைப்பேசியிலிருந்து நேரே கிளம்பினால் வழக்கமாக 64. விண்டோஸ் கணினியிலிருந்து கிளம்பினால் 128, நடுவில் ஒரு கருவியைத் தாண்டும்போது ஒன்று குறைந்து 127. நிறுவனம் 127-ஐப் பார்த்ததும் பின்னால் கணினி இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடும். திருத்திய மோடம் இந்த எண்ணையும் மாற்றி அனுப்புகிறது. கண்டுபிடிக்கும்வரை ஓடும். கண்டுபிடித்தால் வேகத்தைக் குறைப்பார்கள் அல்லது சிம்மை முடக்குவார்கள். சிம் முடங்கினால் கடைக்காரருக்கு என்ன நஷ்டம்? இன்னொரு 80 வெள்ளி வரவு.

தேடிப் பார்த்ததில் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் சான்றிதழ்ச் சீட்டும் மோடத்தில் இல்லை. வைஃபை கடவுச்சொல் 12345678. எல்லா வீட்டுக்கும் அதையேதான் வைத்திருப்பார் போல.

இதற்கு மேலே ஒன்று. மகளின் மடிக்கணினியில் தொலைவிலிருந்து திரையைப் பார்த்து இயக்கும் மென்பொருள் ஒன்றும் இருந்தது, அதுவும் நம் அனுமதி கேட்காமலே திறக்கும்படி கடவுச்சொல் வைத்து. கடைத் தம்பி ‘சர்வீஸுக்காக’ என்றாராம். பெண்பிள்ளை அறையில் கேமராவோடு இருக்கும் கணினி அது. பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது இங்கேதான். கடையில் செட் பண்ணிக் கொடுத்த மடிக்கணினி வீட்டில் இருந்தால் இன்றைக்கே நிறுவப்பட்ட மென்பொருள் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

‘போர்ட் ஃபுல்’ என்பதும் பொய். ஃபைபர் தரும் நிறுவனத்தின் பக்கத்தில் முகவரியைப் போட்டதுமே எங்கள் தெருவில் இடம் இருப்பது தெரிந்தது. மனு போட்டோம், வந்து பொருத்தினார்கள், ரவுட்டரும் அவர்களே கொடுத்தார்கள். கூடத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமாக இருக்கிறது. இரண்டு கல்சுவர் தாண்டி மகளின் அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் ஒழுங்காகப் போகிறது. அவ்வளவுதான் செட்டப்.

ஆனால் தோட்டத்து லயங்களில் இருப்பவர்களுக்கு இது அவ்வளவு சுலபம் இல்லை, இந்தக் கடைக்காரர்கள் குறி வைப்பதும் அவர்களைத்தான். மலாயாவில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது 1917-இல், இங்கேயுள்ள தென்னமரம் தோட்டத்தில். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் தோட்ட நிலம் கம்பெனியுடையதுதான், உள்ளே கேபிள் இழுக்க அவர்கள் சம்மதம் வேண்டும். கம்பி வராத இடத்தில் சிம் மோடம்தான் வழி என்றால், வீட்டு உபயோகத்துக்கென்றே நிறுவனங்கள் விற்கும் திட்டத்தை அவர்கள் கிளையிலேயே வாங்குங்கள். சிம் உங்கள் மைகார்டில் பதிவாக வேண்டும், கட்டணம் நிறுவனத்துக்குப் போக வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

‘திரும்பப் பெறப்படாது’ முத்திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சொன்ன வேலைக்கு உதவாத பொருளை விற்றுவிட்டு ஒரு முத்திரையைக் காட்டித் தப்பிக்க 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் வைக்க முடியாது, நாமே பேசலாம். மூன்று வருஷத்துக்குள் மனு செய்ய வேண்டும். நான் ரசீது, மாதக் கட்டணம் கட்டிய சான்று, இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்களின் படம், அந்தத் தம்பியின் புலன (வாட்ஸ்அப்) செய்திகள் எல்லாவற்றையும் இணைத்தேன்.

மனுவின் பிரதி கடைக்காரர் கைக்குக் கிடைத்ததும் கடையிலிருந்து போன் வந்தது. “அண்ணே, 150 வெள்ளி தர்றேன், கேஸை வாபஸ் வாங்கிக்குங்க.” மறுத்துவிட்டேன். விசாரணை நாள் இன்னும் வரவில்லை. இதே மோடம் உங்கள் வீட்டிலும் இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அடியிலுள்ள எண்ணையும் திரையில் காட்டும் எண்ணையும் படம் எடுத்து, ரசீதோடு பத்திரமாக வையுங்கள். கடையில் போய்ச் சண்டை போடுவதற்கு முன் மனுவைப் போடுங்கள்.