பழைய சீக்வென்சர் வாங்குகிறீர்களா? உங்கள் கண்ணெதிரே கட்டச் சொல்லுங்கள்

38,000 ரூபாய். சென்னையில் பழைய இசைக்கருவிகள் விற்கும் ஒரு கடையில் இந்த வாரம் பறிகொடுத்தேன். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வாங்கியது ரோலண்ட் எம்சி-500. 1986இல் வந்த சீக்வென்சர். தானாக ஓர் ஒலியும் எழுப்பாது. எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு நேரம் என்று பதிந்துகொண்டு இசைக்கருவிகளை இணைக்கும் மிடி கேபிள் வழியாக, மின்னணு முறையில் ஒலியெழுப்பும் சின்தசைசரை வாசிக்கவைக்கும். கணினித் திரையில் கட்டம் கட்டமாக அடுக்கி அலுத்துவிட்டது. காதை நம்பி இசையமைக்க வேண்டும் என்றுதான் தேடி அலைந்தேன்.

மேசைமேல் இருந்த கருவி அருமையாக ஓடியது. கடைக்காரர் பிளாப்பியை, அதாவது அந்தக் காலத்துக் காந்தத் தட்டை, செருகினார், மென்பொருள் ஏறியது, பக்கத்துக் கீபோர்டு தாளம் பிசகாமல் வாசித்தது. "கோடம்பாக்கத்து ரிக்கார்டிங் தியேட்டரில் இருந்த சரக்கு தம்பி, ராசியானது" என்றார். பணத்தை எண்ணி வைத்துக்கொண்டதும், "உட்காருங்கள், கட்டித் தருகிறேன்" என்று கருவியை உள்ளே எடுத்துப் போனார். எனக்கு டீ வந்தது. அந்த டீ ஆறுவதற்குள் வேலையை முடித்துவிட்டார்கள்.

வீட்டில் பிரித்தால் வேறு கருவி! கடையில் பார்த்ததன் வலது ஓரத்தில் ஆழமான கீறல் இருந்தது, இதில் இல்லை. பிளாப்பி டிரைவ் கரகரவென்று கத்துகிறது, எதையும் படிக்கவில்லை. இந்த மாடலுக்குச் சுவிட்சைப் போட்டதும் பிளாப்பியிலிருந்துதான் மென்பொருள் ஏற வேண்டும். டிரைவ் போனால் வெறும் பெட்டிதான். ரிச்சி தெருவில் பழுதுபார்க்கும் பெரியவர் திறந்து பார்த்து, பிளாப்பியைப் படிக்கும் ஹெட் உடைந்திருக்கிறது என்றார்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "பிளாப்பியில் பூஞ்சை பிடித்திருக்கும், துடைத்துப் போடுங்கள்." மறுபடி செய்தேன். "உங்கள் வீட்டில் வோல்டேஜ் சரியில்லை." கீறலைப் பற்றிக் கேட்டேன். "பழைய பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது சார்." இப்போது ஒரு பையன் எடுத்து, முதலாளி ஊரில் இல்லை என்கிறான். பில்லில் 'பழைய எலக்ட்ரானிக் பொருள் - 1' என்று மட்டும் இருக்கிறது. 38,000 ரூபாய் வாங்கியவருக்கு மாடல் பெயரை எழுத மனம் வரவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. ஓடிக் காட்டிய கருவியின் சீரியல் எண்ணைப் படம் எடுங்கள். அதே எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். அணைத்துவிட்டு மீண்டும் போடச் சொல்லுங்கள். பிளாப்பியில் ஒரு மெட்டைச் சேமித்துத் திரும்ப எடுத்துப் பாருங்கள். உள்ளே கொண்டுபோய்க் கட்ட விடவே விடாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த 38,000 ரூபாயை விடப்போவதில்லை.