டவுன்ஹால் ரோட்டு லேப்டாப் சர்வீஸ்: டிஸ்க்கில் கெட்டி, பிரவுசரில் அவசரம்

மதுரை டவுன்ஹால் ரோட்டு மாடியில் இருக்கும் இந்தச் சின்னக் கடையில் ஹார்ட் டிஸ்க் வேலை சுத்தம். "ஸ்லோவா இருக்கு" என்றதும் விண்டோஸை அழித்துப் போடுவதில்லை. முதலில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் ஸ்மார்ட் பட்டியலை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் எண்களை, பார்க்கிறார்கள். அதில் சி5, அதாவது வாசிக்க முடியாமல் நிற்கும் செக்டார்களின் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்) எண்ணிக்கை, பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்த பிறகுதான் மற்றதெல்லாம். அதுதான் முறை. எடுத்த எடுப்பிலேயே விண்டோஸின் செக்டிஸ்க் ரிப்பேர் ஓட்டினால், முழு டிஸ்க்கையும் வாசித்து மிச்ச உயிரையும் வாங்கிவிடும். சி7, அதாவது டேட்டா போகும் வழியில் வந்த பிழைகளின் எண்ணிக்கை, மட்டும் ஏறினால் பெரும்பாலும் கோளாறு டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளில். புது டிஸ்க்கைத் தலையில் கட்டாமல் கேபிளை மாற்றித் தருகிறார்கள். சி7-இன் பழைய எண் குறையாது, மேலே ஏறாமல் நின்றால் சரி.

பிரவுசர்தான் வம்பு. குரோம் இழுத்தால், நம் புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் இருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரையே தூக்கிவிடுகிறார்கள். கூகுள் கணக்கில் சிங்க் போடாதவர்களுக்கு அதெல்லாம் போச்சு. எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, கேஷை (தளங்களின் தற்காலிக நகல்களை) மட்டும் அழித்தாலே பல நேரம் தீரும் (குக்கீயைத் தொட்டால் எல்லாத் தளத்திலும் திரும்ப லாகின் செய்யணும்). லேப்டாப்பைக் கொடுக்கும் முன் புக்மார்க்கையும் பாஸ்வேர்டுகளையும் எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் வையுங்கள். பாஸ்வேர்டு ஃபைலுக்குப் பூட்டு கிடையாது. லேப்டாப்பில் அதன் நகலை விட்டுவிட்டுக் கொடுக்காதீர்கள்.