கராஜ் தரை கோட்டிங்: எல்லாம் சரி, அந்தக் கதவடியைத் தவிர

கோட்டிங் கம்பெனிக்காரர் வந்து கதவடியைச் சரிசெய்துவிட்டுப் போன அன்றைக்கே, கிச்சனர் என்ற ஊரில் புதுவீடு வாங்கியிருக்கும் நண்பர் வாட்ஸ்அப்பில் கேட்டார்: “அண்ணே, கராஜுக்கு எபாக்ஸி போட்டுடலாமா? தெருவுல எல்லாரும் போடறாங்க.” கேட்ட நேரம் சரியில்லை. அப்போது அடித்த பதிலில் கொஞ்சம் சூட்டைக் குறைத்து எழுதியதுதான் இது.

நான் இருப்பது கனடாவில், ஒன்டாரியோவின் மில்டன். இரண்டு கார் நிற்கும் கராஜ், சுமார் 400 சதுர அடி, ஹீட்டர் கிடையாது. நான் போட்டது எபாக்ஸியும் (பிசின் மாதிரி ஊற்றி இறுகவிடும் பூச்சு) இல்லை. கீழே பாலியூரியா, நடுவில் வண்ண ஃபிளேக்ஸ் (சின்னச் சில்லுகள்), மேலே பாலியாஸ்பார்ட்டிக்; இரண்டும் வேறு வகைப் பிளாஸ்டிக் பூச்சுகள். எபாக்ஸி குளிரில் சரியாக இறுகாது. தரை 10 டிகிரிக்குக் கீழே போனால் பெரும்பாலான டப்பாக்களிலேயே போடாதே என்று எழுதியிருப்பார்கள். வெயில் பட்டால் மஞ்சளிக்கவும் செய்யும். பாலியாஸ்பார்ட்டிக்குக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. அக்டோபர் கடைசியில் வந்தார்கள், வைர பிளேடு போட்ட மெஷினால் தரையைத் தேய்த்தார்கள், ஒரே நாளில் முடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் கடந்து காரை உள்ளே விட்டேன். சதுர அடிக்கு 7 டாலர்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடும்.

இங்கே குளிர்காலத்தில் கராஜ் தரையைக் கொல்வது பனி மட்டுமில்லை, ரோட்டு உப்பும்தான். சக்கரத்துக்கு மேலே இடுக்கில் ஒட்டிக்கொண்டு வரும் உப்புச் சகதி, இன்ஜின் சூட்டில் இளகி, ராத்திரி முழுக்கச் சொட்டும். விடிவதற்குள் உறையும். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் வீங்குகிறது; அது கான்கிரீட்டின் துளைகளுக்குள் நடந்தால் மேல்தோல் செதில் செதிலாக உரியும். இங்கேயைவிடக் குளிரான வின்னிபெக் நகரத்தில் டிசம்பரில் உறைந்தால் பெரும்பாலும் மார்ச் வரை அப்படியே கிடக்கும். இங்கே காலையில் மைனஸ் 6, மதியம் பிளஸ் 3. உறைந்து உருகி, உறைந்து உருகி, தரைக்கு ஓய்வே கிடையாது. உப்பு அதிகமாக இருந்தால்தான் ஆபத்து என்று நினைப்பார்கள். கெட்டி உப்புநீரைவிட, 3 சதவீதம் மாதிரி நீர்த்த உப்புநீர்தான் தோலை அதிகம் உரிக்கும். காரிலிருந்து சொட்டுவது உருக உருக நீர்த்துக்கொண்டே போகிறது. சாதா உப்பு மைனஸ் 10க்குக் கீழே சோம்பிவிடும் என்பதால் கடும் குளிரில் கால்சியம் குளோரைடும் தெளிக்கிறார்கள். அது சிமெண்டில் இருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து வேறொரு உப்பாக மாறி வீங்கும். அதற்கு உறைய வேண்டிய அவசியம்கூட இல்லை.

கட்டட விதிகளுக்கும் இது தெரியும். கராஜ் தரைக்கு 32 மெகாபாஸ்கல் வலிமையும், பனிக்கட்டி வீங்க இடம் கொடுக்க 5 முதல் 8 சதவீதம் காற்றுக் குமிழியும் இருக்கவேண்டும் என்று விதி. ஆனாலும் எங்கள் தெருவில் கோட்டிங் போடாத தரைகளில், முன் சக்கரம் நிற்கும் இடத்தில் ஜல்லி பல்லிளிக்கிறது. எனக்குக் கதவுக்கு உள்ளே ஒரு செதில் உதிரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கடையில் கிட் வாங்கித் தானே உருட்டிய எபாக்ஸி, ஜூலை வெயிலில் சூடான டயரோடு ஒட்டிக்கொண்டு நான்கு இடத்தில் பிய்ந்து வந்தது. எனக்கு அதுவும் நடக்கவில்லை. ஏப்ரலில் காரை வெளியே எடுத்து ஹோஸைப் பிடித்தால், அந்த வருஷத்து உப்பு மொத்தமும் வழித்துக்கொண்டு போகிறது. ஊரில் பாட்டி வீட்டு மொசைக் தரை போலப் பளிச்சென்று இருக்கும். அந்த அரைநாள் சந்தோஷத்துக்கே காசு கொடுக்கலாம்.

(ஒரு சின்னக் குறை: புள்ளி புள்ளியான தரையில் விழுந்த நட்டைக் கண்டுபிடிக்க முடியாது. குளிர்கால டயர் மாற்றும்போது நட்டுகளை ஒரு தட்டில் போட்டு வைக்கவும்.)

இனிமேல்தான் விஷயம்.

பழைய கான்கிரீட் தண்ணீரைக் குடித்தது. அது கெடுதல், ஆனால் காலையில் தரை காய்ந்திருக்கும். கோட்டிங் குடிக்காது. சொட்டிய அத்தனையும் மேலேயே நிற்கும், சரிவு கதவுப் பக்கம் என்பதால் மெதுவாக அங்கே ஓடும், கதவின் அடி ரப்பரில் முட்டி நிற்கும். அங்கே உறையும். காலை ஏழு மணிக்கு பட்டனை அழுத்தினால் மோட்டார் முனகும், கதவு ஒரு அங்குலம் எழும்பத் தயங்கும், திரும்ப உட்கார்ந்துவிடும். ரப்பர் தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெந்நீர் ஊற்றலாம்; அந்த வெந்நீரும் அரைமணியில் உறையும். ஒருமுறை ரப்பர் ஓரமாகக் கிழிந்தே போனது. ஆகவே ஜனவரி, பிப்ரவரி முழுக்க ராத்திரி படுக்கப் போகுமுன் செருப்பை மாட்டிக்கொண்டு, வைப்பரால் தண்ணீரை வெளியே தள்ளுவது என் வேலை. தரையைப் பராமரிக்கவே வேண்டாம் என்றுதான் விற்றார்கள்.

சரி, வேலை செய்கிறேன். எரிச்சல் அதில் இல்லை. கதவு மூடினால் ரப்பருக்கு வெளியே தெரியும் அந்த ஆறு அங்குலத்தில் இருக்கிறது. டிரைவ்வேயின் தார் தொடங்கும் விளிம்பு வரை கோட்டிங்கை இழுத்துவிட்டிருந்தார்கள். பார்க்க அழகு. ஆனால் அதற்குத்தான் வெயில், மழை, ஸ்னோபுளோ தள்ளிவிடும் உப்புப் பனி எல்லாமே. கோட்டிங் அங்கே மொட்டையாக முடிகிறது. விளிம்புக்கு அடியில் தண்ணீர் நுழைந்தது, உறைந்தது, தூக்கியது. இரண்டாவது குளிர்காலம் முடியும்போது இடது மூலையில் ஒரு உதடு போல எழும்பியிருந்தது.

நகத்தை நுழைத்துத் தூக்கினேன். உள்ளங்கை அளவுத் துண்டு கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் மெல்லிய கான்கிரீட் தோல். இதைக் கவனிக்கவேண்டும். அடிப்பக்கம் சுத்தமாக வந்தால் தேய்த்தது சரியில்லை, ஒட்டவே இல்லை என்று அர்த்தம். கான்கிரீட்டோடு வந்தால் கோட்டிங் நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறது. பிடித்திருந்த கான்கிரீட் உள்ளே உறைந்து விட்டுக்கொடுத்திருக்கிறது. ஆக, கம்பெனிக்காரர் தேய்த்ததில் குறை சொல்ல முடியாது. சொல்ல மனசு துடித்தது, முடியவில்லை.

ஆனால் போனில் அவர் பேசியதை மன்னிக்க முடியாது. வாழ்நாள் வாரன்ட்டி என்று பெரிய எழுத்தில் கொடுத்திருந்தார்கள். “அது கராஜுக்கு வெளியே இருக்கிறது சார், வாரன்ட்டி உள்தரைக்குத்தான்” என்றார். கதவை மூடினால் வெளியே, திறந்தால் உள்ளே. பில் போடும்போது மட்டும் அந்த ஆறு அங்குலத்தையும் சேர்த்துத்தான் சதுர அடி கணக்குப் பார்த்தார். காகிதத்தை எடுத்துப் படித்தேன். அடியிலிருந்து ஏறும் ஈரம், கான்கிரீட்டே பெயர்ந்து போவது, வெளிப்புற விளிம்பு எல்லாமே விலக்கு. வேறென்னதான் பெயரும்?

கடைசியில் 350 டாலருக்குச் செய்து கொடுத்தார். செய்த வேலை, நியாயமாகச் சொன்னால், சரியான வேலை. ரப்பர் உட்காரும் கோட்டில் கால் அங்குல அகலம், கால் அங்குல ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டி, கோட்டிங்கை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கி முடித்தார். இப்போது நுழைய மொட்டை விளிம்பு கிடையாது. வெளியே உள்ள பட்டையைச் சுரண்டி வெறும் கான்கிரீட்டாக விட்டு, சைலேன் சீலர் அடித்தார். புது ஃபிளேக்ஸ் பழையதோடு ஒத்துப்போகவில்லை. கதவடியில் ஒரு சாயம் போன கோடு தெரிகிறது. அதைத்தான் தினமும் பார்க்கிறேன்.

இதையே முதல் நாளில் ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். “அப்போது யாரும் கேட்க மாட்டார்கள் சார்” என்றார்.

இந்த சைலேன் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அடித்தால் கண்ணுக்கே தெரியாது. மேலே படலமாக நிற்காமல் கான்கிரீட்டின் துளைக்குள் இறங்கி, தண்ணீர் ஒட்டாமல் செய்கிறது. படலமே இல்லாததால் பெயர்வதற்கு ஒன்றும் இல்லை, அடியில் உள்ள ஈரமும் ஆவியாக வெளியேறும். வாசல் படிக்கு நானே ஸ்பிரேயரால் அடித்தேன். அதன் மேலேயும் இதே உப்புதான் விழுகிறது. ஒரு செதில் உதிரவில்லை, மழைத்துளி உருண்டு ஓடுகிறது. சில வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்கவேண்டும், எண்ணெய் சிந்தினால் கறை பிடிக்கும், மொசைக் பளபளப்பு கிடையாது. அவ்வளவுதான்.

அதனால் கிச்சனர் நண்பருக்கு என் பதில்: வேண்டாம். புதுக் கான்கிரீட், குறைந்தது 28 நாளாவது ஆறட்டும், நன்றாகக் கழுவிக் காயவைத்து சைலேன் அடியுங்கள். காருக்கு அடியில் விளிம்பு தூக்கிய ரப்பர் பாய் ஒன்று போடுங்கள், சொட்டுவதெல்லாம் அதிலேயே நிற்கும். மிச்சக் காசில் நல்ல குளிர்கால டயர் வரும்.

“உங்க கராஜ் போட்டோ பார்த்துத்தானே எனக்கு ஆசையே வந்துச்சு” என்று பதில் அனுப்பியிருக்கிறார். கேட்க மாட்டார். போட்டே தீருவேன் என்றால் மே, ஜூனில் போடுங்கள். முந்தின நாள் ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் அடியில் வியர்த்திருக்கிறதா என்று பாருங்கள். வியர்த்திருந்தால் அவர்களைத் திருப்பி அனுப்புங்கள். மேல் அடுக்கில் வழுக்காமல் இருக்க மணல் மாதிரி தூள் கலக்கச் சொல்லுங்கள். கலக்காத தரையில் ஈரக்காலோடு நடக்க முடியாது. கோட்டிங் எந்தக் கோட்டில் முடியும், அங்கே பள்ளம் வெட்டுவார்களா, அந்த விளிம்புக்கு வாரன்ட்டி உண்டா என்ற மூன்றையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர யோசிப்பவர் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வேண்டாம்.